ஒற்றியூர்ச் சாலை

சென்னைக்கு வருகிற விருந்தாளிகளை நாம் தெற்கே அழைத்துப் போகிறோம். மெரீனா, கபாலீசுவரர் கோயில், அடையாற்று ஆலமரம், இன்னும் சாவகாசம் இருந்தால் மகாபலிபுரம். வடக்கே யாரையும் அழைத்துப் போவதில்லை. ராயபுரம் பாலத்தைத் தாண்டினால் லாரி, புகை, மீன் நாற்றம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஏழெட்டு மைல் தூரம் போகும் சாலையில் எத்தனை சரித்திரம் கிடக்கிறதோ, அத்தனை சரித்திரம் தென் சென்னையின் எந்தச் சாலையிலும் இல்லை என்று நான் துணிந்து சொல்வேன். மயிலாப்பூர்வாசிகள் மன்னிக்க வேண்டும்.

சாலை என்று ஒருமையில் சொன்னேன். உண்மையில் அவை இரண்டு. ஒன்று உள்ளே தள்ளி, தண்டையார்ப்பேட்டை, காலடிப்பேட்டை வழியாகப் போகும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை, பழைய சாலை. மற்றொன்று கடலை ஒட்டிக்கொண்டே போகும் எண்ணூர் விரைவுச் சாலை. முன்னதில் மனிதர்கள் போகிறார்கள். பின்னதில் பெட்டிகள் போகின்றன. கப்பலில் ஏற்றும் அந்தப் பெரிய இரும்புப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள், துறைமுக வாசலுக்குள் நுழைவதற்காக மைல் கணக்கில், சில சமயம் நாள் கணக்கில், வரிசையாக நின்ற காட்சியைப் பார்த்தவர்களுக்கு “விரைவு” என்ற சொல்லின் பொருளே சந்தேகமாகிவிடும்.

அந்தக் கடலோரச் சாலையின் ஒரு பக்கம் வீடுகள். மறு பக்கம் கருங்கற் குவியல். அதற்கு அப்பால் அலை. கருங்கல்லை யார் கொட்டினார்கள், ஏன் கொட்டினார்கள் என்று கேட்கப் போனால் ராயபுரத்தின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ராயப்பர் என்பது நம் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் புனித பேதுருவுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர். பேதுரு மீன் பிடித்தவர். படகோட்டிகள் தங்கள் பேட்டைக்கு அவர் பெயரை வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராமல் ஆழ்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கவர்னர் துரையானாலும் சரி, கும்பினியாரின் வெள்ளிக் காசானாலும் சரி, மசூலாப் படகில் ஏறித்தான் கரை சேர வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அலை உடையும் இடத்தில் சற்றே படகை நிறுத்தி, எந்த அலையின் முதுகில் ஏறினால் பிழைக்கலாம் என்று கணித்து, பாட்டுப் பாடித் துடுப்புப் போடுகிற வித்தை இவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் தங்கள் நாட்குறிப்புகளில் கப்பல் பயணத்தைக் காட்டிலும் இந்தக் கடைசி ஒரு மைலைப் பற்றித்தான் அதிகம் நடுங்கி எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் படகோட்டிச் சமூகத்தார் 1829-இல் ராயபுரத்தில் புனித பேதுருவுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். இன்றும் கம்பீரமாக நிற்கிறது. கால் நூற்றாண்டு கழித்து, 1856 ஜூன் 28-ஆம் தேதி, அதே ராயபுரத்தில் ஹாரிஸ் பிரபு ரயில் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். பம்பாயிலும் ஹௌராவிலும் முதன் முதல் எழுந்த நிலையங்கள் இன்று இல்லை. ராயபுரத்தின் தூண் வரிசை இருக்கிறது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. அதன் பிறகு ராயபுரத்தின் மவுசு மெல்ல மெல்லக் குறைந்தது. மூத்தாள் கதைதான்.

இனி கருங்கல்லுக்கு வருகிறேன்.

நம்முடைய சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் சாய்வாக வந்து கரையில் மோதி, மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். ஐப்பசி கார்த்திகையில் வாடை திரும்பியதும் அதில் கொஞ்சத்தைத் தெற்கே கொண்டுவரும். வரவு செலவு பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் டன் மணல் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. கரையில் நிற்கிறவனுக்கு இது கண்ணில் படாது. ஆனால் மணல் ஓர் ஆறு போலக் கரையோரமாக ஓடுகிறது. ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளில் அலை எடுத்துப் போகிற மணலுக்கு ஈடாகத் தெற்கேயிருந்து புது மணல் வந்து சேரும். அப்படித்தான் காலம் காலமாக அந்தக் கரை நின்றது.

1875 டிசம்பரில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர், பிற்காலத்து ஏழாம் எட்வர்டு, சென்னைக்கு வந்து துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு பெரிய கைகளைப் போலச் சுவர்கள் நீண்டன. 1881 நவம்பரில், வேலை முடியும் தறுவாயில், ஒரு புயல் அவற்றை நொறுக்கிப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள். 1904-இல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர், கிழக்கு நோக்கியிருந்த வாசல் மணலால் தூர்ந்துபோவதைக் கண்டு, அதை அடைத்துவிட்டு வடகிழக்கில் புது வாசல் திறந்தார். சென்னைத் துறைமுகத்தைத் துறைமுகமாக்கியவர் அவரே என்று சொல்வது வழக்கம்; நியாயமான புகழ்தான்.

ஆனால் அந்தத் தெற்குச் சுவர் மணல் ஆற்றுக்குக் குறுக்கே அணை போட்டுவிட்டது. தெற்கேயிருந்து வந்த மணல் சுவரில் முட்டித் தேங்கிற்று. கரை கடலுக்குள் முன்னேறத் தொடங்கியது. திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் இருக்கிறதே, விவேகானந்தர் தங்கிய வீடு, அது 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கி வைப்பதற்காக அலைக்கு அருகே கட்டியது. இன்று அதன் வாசலிலிருந்து கடலில் கால் நனைக்கப் போகிறவர், வெயில் நேரமானால், பாதி வழியில் ஒரு சோடா குடித்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. 1880-களில் கிராண்ட் டஃப் கவர்னர் அங்கே உலாவும் சாலை போட்டு மெரீனா என்று பெயரிட்டார். உலகத்து நீண்ட கடற்கரைகளில் ஒன்று என்று நாம் பெருமையடித்துக்கொள்கிறோம்.

வடக்கே? அங்கே அலை வழக்கம்போல் மணலை எடுத்துக்கொண்டே இருந்தது, கொடுக்கத்தான் ஆளில்லை. நூறு ஆண்டுகளில் சுமார் அரைக் கிலோமீட்டர் அகலத்துக்குக் கரை போய்விட்டது என்பது பொறியாளர் கணக்கு. தெருக்கள் போயின, தோப்புகள் போயின, சாலையும் பல முறை அறுந்தது. காசிமேட்டில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் என்னிடம் கையை நீட்டிக் காட்டினார்: “அதோ அலை உடையுது பாரு சார், அதுக்கும் அப்பால தள்ளி இருந்திச்சாம் எங்க பாட்டன் வூடு.” நிலத்தைக் காட்டுகிற தோரணையில் அவர் தண்ணீரைக் காட்டினார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மெரீனாவின் மணலும் ராயபுரத்தின் கருங்கல்லும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் என்பதை நம்மில் பலர் அறியாமலே மாலை வேளைகளில் சுண்டல் கொறித்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகத்தான். துறைமுகம் வந்ததும் படகோட்டிகளுக்கு முதலில் பிழைப்புப் போயிற்று. கப்பல்களே கரைக்கு வந்துவிட்ட பிறகு மசூலாப் படகு யாருக்கு வேண்டும்? அப்புறம் அவர்கள் காலடி மண்ணும் போயிற்று.

உள் சாலைக்குத் திரும்புவோம். தண்டையார்ப்பேட்டையின் பெயர் பலரைக் குழப்புகிறது. தண்டுக்கும் தண்டல்காரருக்கும் அதில் சம்பந்தமில்லை. ராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, வடசென்னையில் வந்து தங்கி, 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவை மக்கள் “தொண்டியார்” என்று அழைத்தார்கள். தொண்டியார் பேட்டைதான் தண்டையார்ப்பேட்டை ஆயிற்று என்று சொல்வார்கள். ராயப்பர் பேட்டையைத் தாண்டினால் ஒரு முஸ்லிம் சித்தரின் பேட்டை. அதைத் தாண்டினால் ஒரு வெள்ளைக்காரரின் பேட்டை. ஜோசப் காலெட் என்பவர் 1717 முதல் மூன்று ஆண்டு கவர்னராக இருந்தார். திருவொற்றியூர் உட்பட ஐந்து கிராமங்களை 1708-இல் நவாப் தாவுத் கான் கும்பினிக்குக் கொடுத்திருந்தார். அங்கே காலெட் 1719-இல் நெசவாளர்களைக் குடியேற்றித் தம் பெயரைச் சூட்டினார். காலெட் பேட்டை தமிழன் வாயில் காலடிப்பேட்டையாயிற்று. அங்கே வரதராஜப் பெருமாள் கோயில் வந்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். கவர்னரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினந்தோறும் காஞ்சிபுரம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் தாமதமாக வருவாராம். கவர்னர் ஒரு நாள் சோதித்துப் பார்க்க, அவர் இருந்த இடத்திலிருந்தே காஞ்சியில் நடப்பதைக் கண்ணால் கண்டதுபோல் சொன்னாராம். விசாரித்ததில் சரியாக இருக்கவே, கவர்னர் இங்கேயே கோயிலைக் கட்டிவைத்தாராம். வேலைக்காரன் நேரத்தோடு வர வேண்டுமானால் கடவுளைப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் உபாயம் என்று அந்த வியாபாரி கண்டுகொண்டார் போலும்.

திருவொற்றியூர் அதற்கு அடுத்தது. இந்தச் சாலையே அந்தக் கோயிலுக்காக ஏற்பட்டது என்றுகூடச் சொல்லலாம். சென்னைப் பட்டணம் பிறப்பதற்கு ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே அப்பரும் சம்பந்தரும் பின்னர் சுந்தரரும் பாடிய தலம். ஊர்ப் பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம் இது: பிரளய வெள்ளம் பொங்கி வந்தபோது, இறைவன் அதை ஒற்றிப் போகச் செய்தாராம். அதாவது விலகிப் போகச் செய்தாராம். கடலைத் தள்ளி நிற்கச் சொன்ன ஊர்! ஒற்றி என்பதற்கு அடமானம் என்ற பொருளும் உண்டு. இரண்டாவது பொருள்தான் இந்நாளைக்குப் பொருத்தம் என்று கருங்கல் குவியலைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் கோயிலில் பெரிய புதையல் அதன் கல்வெட்டுகள். அவற்றுள் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. பராந்தக சோழனின் மூத்த குமாரன் ராஜாதித்தன், 949-இல் தக்கோலப் போர்க்களத்தில் யானை மீதிருந்தபடியே மாண்டான். கொன்றவர்கள் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையினர். ராஜாதித்தனுக்குக் கேரள தேசத்தைச் சேர்ந்த வல்லபன் என்ற உற்ற தோழன் ஒருவன் இருந்தான். தன் தலைவனோடு சேர்ந்து போர்க்களத்தில் சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வேதனை அவனைப் பிடித்துக்கொண்டது. கங்கையில் நீராடித் துறவு பூண்டு, திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்து, ஒரு குருவினிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் மடத்தின் தலைவரானான். இவ்வளவையும் சொல்கிற கல்வெட்டு யாருடைய ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது தெரியுமா? அதே மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டில். தோழனைக் கொன்ற அரசனின் பெயரைத் தலைப்பில் போட்டுவிட்டு, அதன் கீழே தோழமையின் கதையைக் கல்லில் வெட்டச் செய்திருக்கிறார்கள். நாவலாசிரியன் கற்பனையில் இப்படி எழுதினால் விமரிசகர்கள் விடுவார்களா? அவருடைய வழியில் வந்த மற்றொரு சதுரானன பண்டிதரின் காலத்தில், முதலாம் ராஜேந்திர சோழன் ஆட்சியில், கோயில் விமானத்தைக் கருங்கல்லில் எழுப்பிய சிற்பியின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்னும் வீரசோழத் தச்சன். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்காவது இந்தத் தச்சனுக்குக் கிடைத்திருக்கலாம்.

சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு மயங்கி, பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் வசந்த விழா நினைவு வரவே, சத்தியத்தை மறந்து புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் இருண்டன. எல்லை என்பது அந்நாளில் அவ்வளவு திட்டமாக இருந்திருக்கிறது. இப்போது மேற்கு எல்லை எங்கே என்று மாநகராட்சி சொல்லும். கிழக்கு எல்லை எங்கே என்று கடல்தான் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சாலையில் நடந்தவர்களில் ஏழுகிணற்றிலிருந்த ராமலிங்க அடிகள் ஒருவர். 1858-இல் சென்னையை விட்டுப் புறப்படும் வரை, பல ஆண்டுகள் வடிவுடையம்மனைத் தரிசிக்க வெள்ளை வேட்டியைப் போர்த்துக்கொண்டு நடந்தே வருவார். இரவு வீடு திரும்ப நேரமாகிவிட்டால் கதவைத் தட்ட மனமின்றித் திண்ணையில் பசியோடு படுத்துக்கொள்வாராம். அம்மனே அண்ணியின் உருவத்தில் சோறு கொண்டுவந்தாள் என்பது அன்பர்கள் சொல்வது. 2021 பிப்ரவரியிலிருந்து அந்த வழியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. “டோல்கேட்” என்று ஒரு நிலையம்கூட இருக்கிறது. முன்னொரு காலத்தில் அங்கே சுங்கம் வசூலித்தவர்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் டிக்கெட்டில் அச்சாகிறது.

ஆலைகளின் கதை வேகமாக நடந்த கதை. வேகமாகவே சொல்லலாம். 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் ஊதும் பலூன் செய்யத் தொடங்கினார், அது எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாயிற்று. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-இல் அசோக் லேலண்டாகி லாரிகளுக்கு மாறியது. அதே 1950-களில் என்ஃபீல்டு வந்து, ராணுவத்துக்காக புல்லட் மோட்டார் சைக்கிள் செய்தது. விம்கோ தீப்பெட்டி ஒரு நகருக்கும் ரயில் நிலையத்துக்கும் பெயராயிற்று. மணலியில் 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் 1970-இல் அனல் மின்நிலையம். ஆலைச் சங்கு ஊதும் வேளையில் நெடுஞ்சாலை முழுதும் சைக்கிள்களாக ஓடியது. நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கர்கள், தென்பாண்டிச் சீமைக்காரர்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் இங்கே கூலி வாங்கிக் குடும்பம் வளர்த்தார்கள். தமிழ்நாட்டில் ஓடிய எந்தப் பஸ்ஸில் நாம் ஏறியிருந்தாலும், அதன் அடிச்சட்டம் ஒருவேளை இந்தச் சாலையில்தான் முதன் முதலில் ஓடியிருக்கும்.

எண்ணூரே ஒரு காலத்தில் துரைமார்களின் உல்லாசத் தலம் என்று சொன்னால் இன்று நம்புவது சிரமம். பேசில் காக்ரேன் என்பவர் வெட்டுவித்து, 1806-இல் திறந்த கால்வாய் வழியாகப் பட்டணத்திலிருந்து படகில் போய், கழிமுகத்தில் பாய்மரம் விரித்துக் களித்துவிட்டு வருவார்கள். அதே கால்வாயில் உப்பும் விறகும் பட்டணத்துக்கு வந்தன. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்காக மண் வெட்டிய ஏழைகளின் உழைப்பால் அது நீண்டது; 1878-இல் பக்கிங்காம் என்ற கவர்னரின் பெயரைப் பெற்றது. வெட்டியவர்களின் பெயரை வைப்பதென்றால் பலகை போதாது.

2001-இல் எண்ணூருக்கு வடக்கே புதிய துறைமுகம் திறந்தது. 2014-இல் அதற்குக் காமராஜர் பெயரைச் சூட்டினார்கள். இரண்டு துறைமுகங்களையும் சாலையால் இணைக்க, எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, மணலி ஆலைச் சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி ஆகிய நான்கையும் அகலப்படுத்தும் திட்டம் வந்தது. மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். 1990-களில் பேசத் தொடங்கியது முடிய இரு தசாப்தங்கள் ஓடிவிட்டன. கடலுக்கும் லாரிக்கும் நடுவே குடியிருந்த குப்பத்துக் குடும்பங்கள் பலவும் சாலைக்காக வீடு இழந்தன. முன்னால் கடலுக்குப் பயந்து மேற்கே நகர்ந்தவர்கள், இப்போது சாலைக்குப் பயந்து நகர வேண்டியதாயிற்று. மின்நிலையம் 2017 மார்ச்சில் அடுப்பை அணைத்துக்கொண்டது. புதிய துறைமுகத்தின் சுவர்களுக்கு வடக்கே, காட்டுப்பள்ளிப் பக்கம், கரை அரிக்கத் தொடங்கியது. மணல் ஆற்றுக்கு இரண்டாவது அணை.

அந்த 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கருங்கற்களுக்கு நடுவே தார்க் குழம்பாகத் தேங்கியது. இயந்திரங்கள் உதவவில்லை. மீனவர்களும் மாணவர்களும் கற்களின் மேல் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். எனக்கு அப்போது கலிய நாயனார் நினைவுதான் வந்தது. இதே ஒற்றியூரில் செக்கு வைத்திருந்தவர் அவர். வறுமை வந்து கோயில் விளக்குக்கு ஒரு படி எண்ணெய் கிடைக்காமல் போனபோது, தம் கழுத்தை அரிந்து ரத்தத்தால் அகலை நிரப்ப முனைந்தார். அன்றைக்கு ஒரு படி எண்ணெய்க்கு அலைந்த ஊரில், இன்றைக்கு டன் கணக்கில் எண்ணெய் வந்து கதவைத் தட்டியது.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து, கரைக்கு இணையாகக் கல் கொட்டுவதோடு நில்லாமல், கடலுக்குள் நீட்டிய கல் தடுப்புகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைக்கும் உபாயம். சில இடங்களில் அது பலிக்கவும் செய்திருக்கிறது. இரண்டு தடுப்புகளுக்கு இடையில், பிறை வடிவத்தில், கையகல மணல் திட்டுகள் தோன்றியிருக்கின்றன. அவற்றில் படகுகளை ஏற்றி வைக்கிறார்கள். வலை காயப் போடுகிறார்கள்.

திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கடல் கொண்ட காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அவர். கப்பல் கப்பலாகச் செல்வம் கண்டு, எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பேய்க்கரும்பு ஒன்றைக் கையில் ஏந்தி ஊர் ஊராக அலைந்தார். கசந்த கரும்பு இந்தக் கரைக்கு வந்ததும் இனித்ததாம். இங்கே செம்படவச் சிறுவர்களோடு விளையாடுவார். தம்மை மணலில் போட்டு மூடச் சொல்வார். மூடியதும் வேறோர் இடத்தில் எழுந்து நின்று சிரிப்பார். ஒரு நாள் மூடியவர் எழவில்லை. நான் போயிருந்த மாலையில், அதற்குச் சற்றுத் தள்ளிப் புது மணலில், நாலைந்து பையன்கள் ஒருவனைக் கழுத்து வரை புதைத்துவிட்டுச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் சாலையில் லாரிகள் நகரவில்லை. டிரைவர்களில் இருவர் இறங்கி வந்து, கருங்கல்லின் மேல் உட்கார்ந்து, அந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.